‘எனக்கு ஏலாது’ என்று விமானி சொல்ல விடுங்கள்

அகமதாபாத்தில் விழுந்த எயார் இந்தியா விமானம் பற்றிய ஆரம்ப அறிக்கை 2025 ஜூலை 12 அன்று வெளிவந்தது. லண்டனுக்குப் புறப்பட்ட விமானம் அது. உள்ளே இருந்த 241 பேரும் தரையில் இருந்த 19 பேரும் இறந்துபோனார்கள். மேலெழுந்த சில விநாடிகளில் இரண்டு எஞ்சின்களுக்கும் எரிபொருள் விடும் ஆளிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்து நிலைக்கு மாறியதாக அறிக்கை சொன்னது. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டதும், தான் நிறுத்தவில்லை என்று மற்றவர் மறுத்ததும் ஒலிப்பதிவில் இருந்தன. யார் செய்தது, எதனால் நடந்தது என்று அந்த அறிக்கை தீர்ப்பு எதுவும் எழுதவில்லை. எங்கள் ஊர் அந்தத் தீர்ப்பை எழுத ஒரு பகல்கூட எடுக்கவில்லை. சந்தியிலும் சலூனிலும் கலியாண வீட்டுப் பந்தியிலும் ஒரே கதைதான்: “பைலட்டின்ர பிழை. ஆளுக்கு மண்டை சரியில்லையாம்.”

இது அகமதாபாத்துக்கு மட்டும் உரிய பேச்சு இல்லை. விமானம் எங்கே விழுந்தாலும் எங்களிடம் ஒரு தயார் விடை இருக்கிறது. விமானி குடித்திருப்பான், நித்திரை கொண்டிருப்பான், வருத்தத்தை மறைத்திருப்பான். ஆகவே ஊதச் சொல்லு, இரத்தம் எடு, பிடிபட்டால் அனுமதிப்பத்திரத்தைப் பறித்து வீட்டுக்கு அனுப்பு. தலைக்கு மேலே கத்தி தொங்கினால் ஒழுங்காக ஓட்டுவான். படித்தவர்களும் இப்படித்தான் கதைக்கிறார்கள். பத்திரிகைகளும் இப்படித்தான் தலைப்பிடுகின்றன. விமான நிறுவனங்களுக்கும் இந்தக் கதை மிக வசதியானது.

இந்தக் கருத்து பிழையானது என்பதோடு ஆபத்தானது என்றும் சொல்கிறேன். ‘ஏலாது’ என்று எங்களிடம் ஒரு சொல் உண்டு. ‘முடியாது’ என்பதும் அதுதான், ‘உடம்பு சரியில்லை’ என்பதும் அதுதான். ஒரு விமானி வாழ்க்கையில் சொல்லக்கூடிய மிகப் பெறுமதியான சொல் அது. “இண்டைக்கு எனக்கு ஏலாது” என்று அவர் சொல்லும் நாளில் ஒரு பயணியும் சாகமாட்டார். அந்தச் சொல்லைச் சொன்னால் சம்பளம் போகும், பெயர் போகும், தொழில் போகும் என்று ஆக்கி வைத்திருப்பவர்கள் யார்? நிறுவனங்களும் ஒழுங்குபடுத்தும் சபைகளும். அவர்களுக்குப் பின்னால் நின்று கைதட்டுகிறவர்கள் நாங்கள்.

முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்கிறேன். 2016 ஒகஸ்டில் பிராங்பேர்ட் நகரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட இருந்த ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் விமானத்தின் தலைமை விமானி மூச்சுப் பரிசோதனையில் தவறினார். பயணிகள் சுமார் 15 மணித்தியாலம் காத்திருந்தார்கள். அவர் கடமையிலிருந்து நிறுத்தப்பட்டது முற்றிலும் சரி. குடித்துவிட்டு விமானியறைக்குள் போவது தெரிந்து செய்கிற குற்றம். பறப்புக்கு முந்திய 12 மணித்தியாலம் மது தொடக்கூடாது என்பது இந்திய விதி. அதில் ஒரு நிமிடம்கூடத் தளர்த்தக்கூடாது. அங்கே தண்டனைதான் மருந்து.

ஆனால் ஊதுகிற கருவிக்குத் தெரிவது மது மட்டும். நித்திரை இல்லாத மூளையை அதற்குத் தெரியாது. 1997 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான டோசனும் ரீடும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் மூளையும் இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்குத் தடுமாறுகின்றன என்று கண்டார்கள். 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது 0.10 வீதத்துக்குச் சமம். பல நாடுகளில் அந்த அளவுக்குக் குடித்தவர் காரின் திறப்பைத் தொட்டாலே பொலிஸ் பிடிக்கும். அதே அளவுக்குத் தள்ளாடும் மூளையோடு ஒருவர் ஊதிப் பார்த்துச் சித்தியடைந்து விமானத்துக்குள் ஏறலாம். கருவி அவருக்கு நற்சான்று கொடுக்கும்.

யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்க ஆய்வுக் கட்டுரை தேவையில்லை. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போன எவருக்கும் தெரியும். விடியப்புறம் மூன்று மணிக்கு, முன்சீற்றில் இருக்கிற யாரோ ஒரு ஐயா நித்திரையை விட்டுச் சாரதியோடு ஊர்க்கதை கதைத்துக்கொண்டு வருவார். அது பொழுதுபோக்கு இல்லை, நாற்பது ஐம்பது உயிர்களுக்கான காவல். பஸ் எங்காவது மரத்தில் மோதினால் அடுத்த நாள் பேப்பரில் ஒற்றை வரி வரும்: சாரதியின் நித்திரைக் கலக்கமே காரணம். அந்தச் சாரதி முதல்நாள் இரவு கொழும்பிலிருந்து வந்தவரா, பகலில் எத்தனை மணித்தியாலம் படுத்தார், திரும்ப ஓடமாட்டேன் என்று சொல்லியிருந்தால் முதலாளி என்ன செய்திருப்பார் என்று எந்தப் பேப்பரும் கேட்பதில்லை. விமானத்திலும் இதே வரியைத்தான் எழுதுகிறோம். உயரம் மட்டும்தான் வேறு.

எனக்கு எதிராக நிற்பவர்கள் முதலில் காட்டும் உதாரணம் மங்களூர். அதையே எடுத்துக்கொள்வோம். 2010 மே 22 காலை, டுபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரின் மேட்டு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் தப்பியவர்கள் 8 பேர். தலைமை விமானி ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நித்திரையில் இருந்தார். குறட்டை ஒலிப்பதிவில் இருக்கிறது. இறங்க வேண்டாம், திரும்ப மேலே எழும்புவோம் என்று துணை விமானி மூன்று தரம் சொல்லியும் அவர் கேட்கவில்லை. விசாரணை நீதிமன்றம் விபத்தின் நேரடிக் காரணமாக அவருடைய பிடிவாதத்தைத்தான் குறிப்பிட்டது. பறப்புக்கு முன்னர் போதிய ஓய்வு நேரம் அவருக்குக் கிடைத்திருந்தது என்றும் எழுதியது. இவை எதையும் நான் மறைக்கவில்லை.

ஆனால் அறிக்கை அந்த வரியோடு முடியவில்லை, எங்கள் வாசிப்புத்தான் முடிந்துவிட்டது. அது முதல்நாள் இரவு மங்களூரிலிருந்து டுபாய்க்குப் போய், அதே இரவு திரும்பி வந்த பயணம். இறங்கியது காலை ஆறு மணியளவில். அதற்கு முந்திய சில மணித்தியாலங்களில், எவ்வளவு ஓய்வு எடுத்தவருக்கும் உடம்பின் கடிகாரம் மிகத் தாழ்ந்து கிடக்கும். ஆழ்ந்த நித்திரையிலிருந்து எழும்பிய மூளை தெளிய நேரம் வேண்டும் என்பதை அறிக்கையே விளக்குகிறது. மங்களூரின் ராடர் பழுதாகிக் கிடந்ததால் விமானத்துக்கு உயரத்திலிருந்து தாழத் தொடங்கும் அனுமதி வழமையைவிடப் பிந்தியே கிடைத்தது. துணை விமானி தன் கையால் விமானத்தை மேலே எடுக்கலாமா என்பதில் நிறுவனத்தின் அறிவுறுத்தல்கள் தெளிவில்லாமல் இருந்தன. இவை மூன்றையும் அறிக்கை துணைக் காரணங்களாக எழுதி வைத்திருக்கிறது.

அந்தத் துணை விமானியை நினைத்துப் பாருங்கள். தவறு நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. மூன்று தரம் வாய்விட்டுச் சொன்னார். கை நீளவில்லை. பெரியாக்கள் செய்யும்போது சின்னாக்கள் கை வைக்கக்கூடாது என்று வளர்ந்த சமூகங்களில் அந்தக் கை நீளுவது லேசானதில்லை. எங்கள் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கந்தோர்களிலும் அதே வளர்ப்புத்தான். “அண்ணை, இது பிழை” என்று சொல்லி நிறுத்துகிற துணிவைச் சட்டமாகவும் பயிற்சியாகவும் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு இருந்தது. கொடுக்காத நிறுவனத்தின் பெயர் எந்தத் தேநீர்க்கடைப் பேச்சிலும் வரவில்லை.

பத்து வருடம் கழித்து அதே நிறுவனம், அதே டுபாய், இன்னொரு மேட்டு ஓடுபாதை. 2020 ஒகஸ்ட் 7 அன்று, கொரோனாக் காலத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களை ஏற்றி வந்த விமானம் கோழிக்கோட்டில் மழைக்குள் இறங்கி, ஓடுபாதையின் பாதி வரை மிதந்து போய்த் தரை தொட்டு, அந்தலையைத் தாண்டி உடைந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தார்கள். இரண்டு விமானிகளும் அதில் அடக்கம். தலைமை விமானி இந்திய விமானப்படையில் பெயரெடுத்தவர், நீண்ட அனுபவசாலி. நடைமுறை விதிகளை அவர் மீறியது முதன்மைக் காரணம் என்று 2021 இல் வந்த அறிக்கை சொன்னது. பின்காற்று இருந்தது. அவர் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் இறங்க எடுத்த முதல் முயற்சியிலேயே நின்றுபோயிருந்தது. வேறு விமான நிலையத்துக்குத் திருப்பியிருக்கலாம். ஏன் திருப்பவில்லை?

அறிக்கையில் இரண்டு விடைகள் இருக்கின்றன. எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் அவற்றைப் படிக்க வேண்டும். அடுத்தநாள் காலைப் பறப்புக்கும் அவரே பொறுப்பாக இருந்தார். வேறு இடத்தில் இறங்கினால் கடமை நேரக் கணக்கு மீறி அந்தக் காலை விமானம் குழம்பிவிடும். ஏனென்றால் கோழிக்கோட்டுத் தளத்தின் நிரந்தரப் பட்டியலில் 26 துணை விமானிகளுக்கு ஒரேயொரு தலைமை விமானிதான் இருந்தார். ஆள்பற்றாக்குறை ஓடுபாதைக்கு வந்து நின்றது. இது முதலாவது.

இரண்டாவது, அவர் தனக்குப் பரிந்துரைக்கப்படாத நீரிழிவுக் குளிசைகளை எடுத்துக்கொண்டிருந்தார். அவற்றால் இரத்தச் சீனி சற்றே இறங்கி, சிக்கலான முடிவுகளை எடுக்கும் திறன் நுட்பமாகக் குறைந்திருக்கக்கூடும் என்று அறிக்கை கருதியது. இந்த இடத்தில் “மறைத்துப்போட்டானே!” என்று கோபப்படுவது இலகு. நான் கேட்பது வேறு. இத்தனை வருட அனுபவமும் கௌரவமும் உள்ள மனிதர் ஒரு குளிசையை ஏன் தனக்குள் வைத்திருந்தார்? மருத்துவச் சபைக்கு முன்னால் வாயைத் திறந்தால் பறக்கும் தகுதி கேள்விக்குறியாகும் என்பது எந்த விமானிக்கும் தெரியும். சம்பந்தம் பேசும்போது சீனி வருத்தத்தை மறைக்கிற, பக்கத்து வீட்டுக்காரருடைய குளிசையைக் கேட்டு வாங்கிப் போடுகிற எங்கள் சமூகத்துக்கு இந்த மறைப்பு விளங்காமல் போகாது. சொன்னால் இழப்பு வரும் இடத்தில் மனிதர் மறைப்பர். இது விமானிகளுக்கு மட்டும் உள்ள குணக்கேடு இல்லை.

இதைக் கீழைத்தேயக் கோளாறு என்று ஒதுக்கவும் முடியாது. 2009 பெப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகில் கொல்கன் எயார் விமானம் வீடொன்றின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி 24 வயதுப் பெண். கடமைக்கு வருவதற்காக முதல்நாள் இரவு முழுவதும் நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குச் சரக்கு விமானங்களில் பயணம் செய்து வந்தவர். தடிமன், மூக்கடைப்பு. வீட்டில் இருக்கும்போது இப்படி இருந்திருந்தால் வந்திருக்கமாட்டேன் என்று அவர் தலைமை விமானியிடம் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. வந்த இடத்தில் ஏலாது என்று சொன்னால் விடுதிச் செலவு அவர் தலையில். அவருடைய சம்பளத்துக்கு அது பெரிய காசு. அவர் வாயில் இருந்தது எங்கள் ‘ஏலாது’ தான். அதைச் சொல்ல அவரிடம் பணம் இருக்கவில்லை. விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால்தான் அமெரிக்காவில் விமானிகளின் ஓய்வு விதிகள் மாற்றி எழுதப்பட்டு 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அந்தக் குடும்பங்கள் விமானிகளைத் திட்டி நேரம் கழிக்கவில்லை. விதியை மாற்று என்று கேட்டார்கள்.

இனி எனக்கு எதிரான மிகக் கடினமான உதாரணம். 2015 மார்ச் 24 அன்று ஜேர்மன்விங்ஸ் துணை விமானி தலைமை விமானியை வெளியே பூட்டிவிட்டு விமானத்தைப் பிரான்ஸின் மலையில் மோதினார். 150 உயிர்கள். இது பிழை கிடையாது, கொலை. இதற்கு எந்தச் சமாதானமும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கடமைக்குத் தகுதியற்றவர் என்று மருத்துவர் எழுதிய துண்டு கிழித்தபடி அவருடைய வீட்டில் கிடந்தது. பிரான்ஸின் விசாரணைப் பணியகம் அதற்குப் பின்னால் போனது. சொன்னால் பறக்கும் உரிமை போய்விடும் என்ற பயம், தகுதி இழந்தால் வருமானத்தை ஈடுசெய்யும் போதிய காப்புறுதி இல்லாமை, மருத்துவ இரகசியத்தை எப்போது உடைக்கலாம் என்பதில் ஜேர்மன் சட்டத்தில் தெளிவில்லாமை ஆகியவற்றை அது பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. கொலைகாரரைப் பற்றிய அறிக்கையே ‘ஏலாது’ என்று சொல்வதற்கான பாதை அடைபட்டிருந்தது என்று எழுதுகிறபோது, பயத்தை இன்னும் கூட்டுங்கள் என்று கேட்பது எந்த நியாயம்? மறைத்தவரைக் கண்டுபிடிக்க அந்தப் பயம் உதவவில்லை. அவர் மறைத்ததே பயத்தால்தான்.

“தண்டிக்காவிட்டால் திருந்தமாட்டான்” என்ற வாதத்துக்கு ஐம்பது வருடத்துக்கு முன்னரே விடை கிடைத்துவிட்டது. 1974 டிசெம்பர் 1 அன்று அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் டி.டபிள்யூ.ஏ. விமானம் ஒன்று, இறங்கும் அனுமதியைப் பிழையாக விளங்கிக்கொண்டு நேரத்துக்கு முன்பே தாழ்ந்து மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது இதுதான்: ஆறு கிழமைக்கு முன்னர் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே பிழையை விட்டு மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளுக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பியது. மற்றவர்களுக்குச் செய்தி போக வழியே இருக்கவில்லை. அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததுதான் 1976 இல் நாசா நடத்தத் தொடங்கிய இரகசிய அறிக்கையிடல் ஏற்பாடு. விமானிகள் தங்கள் தவறைத் தாங்களே எழுதி அனுப்பலாம். அவர்களின் பெயர் நீக்கப்படும், பாடம் மட்டும் எல்லோருக்கும் போகும். அமெரிக்க வான்பயணம் பாதுகாப்பானதற்கு இந்தத் தபால்பெட்டியும் ஒரு காரணம்.

அந்த விபத்துக்கு மூன்று நாள் கழித்து, 1974 டிசெம்பர் 4 இரவு, எங்கள் தீவில் அதே வகைத் துயரம் நடந்தது. இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் விமானம் கட்டுநாயக்காவில் இறங்கும் வழியில் மஸ்கெலியாப் பக்கத்துச் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மாண்டார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்திருந்தார்கள். நாலு வருடத்தில், 1978 நவம்பர் 15 அன்று, ஐஸ்லாந்து நிறுவனத்தின் விமானம் ஒன்று, இதுவும் ஹஜ் யாத்திரிகர்களோடு, கட்டுநாயக்காவுக்கு அருகில் தென்னந்தோட்டத்தில் விழுந்து 183 பேர் இறந்தார்கள். இலங்கை விசாரணையாளர் விமானிகள் இறங்கும் நடைமுறையைப் பின்பற்றவில்லை என்றார்கள். ஐஸ்லாந்துத் தரப்பு தரையிறங்க வழிகாட்டும் கருவியின் பராமரிப்பையும் கட்டுப்பாட்டாளர்களையும் குறை சொன்னது. விழுந்த விமானம் ஒன்று, விடை இரண்டு. ஒவ்வொரு தரப்பும் தன் வீட்டு முற்றத்தைத் துப்பரவாகக் காட்டியது. இறந்த விமானிதான் மறுத்துப் பேச மாட்டார். ‘விமானி பிழை’ என்ற தீர்ப்பு இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதுதான், குற்றம் சுமத்துவது அதன் வேலை இல்லை என்று சர்வதேச விதி தெளிவாகச் சொல்கிறது. அந்த விதிக்குக் கையொப்பமிட்ட நாடுகளே முதலில் மறக்கின்றன.

கைப்பிழை என்று ஒன்றும் உண்டு. 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் யெற்றி எயார்லைன்ஸின் ஏ.டி.ஆர். 72 விமானம் விழுந்து 72 பேர் இறந்தார்கள். இறக்கையின் மடிப்புகளை இறக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக, சுழல்விசிறிகளின் வலுவை நிறுத்தும் நெம்புகோல்களில் கை போய்விட்டது. இழுத்தவர் கற்றுக்குட்டி இல்லை, பயிற்சி கொடுக்கிற விமானி. விமான நிலையம் திறந்து இரண்டு கிழமை. புதிய ஓடுபாதைக்கான இறங்குமுறைக்குத் தனிப்பயிற்சி கொடுக்கப்படவில்லை, வேலைப்பளு கூடியிருந்தது என்று அறிக்கை சொன்னது. அந்தக் கையைத் தண்டித்து என்ன பயன்? அடுத்த விமானியின் கையும் ஐந்து விரலுள்ள மனிதக் கைதான். பயிற்சியும் நேரமும் கொடுத்தால்தான் அது சரியான இடத்துக்குப் போகும்.

பொக்காராவை நான் வேண்டுமென்றே சொன்னேன். எங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வருவதும் ஏ.டி.ஆர். 72 தான். 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலித் தளம்) வந்து சென்னைக்குப் பறந்தது. போர் அந்த வழியை அடைத்தது. 2019 ஒக்ரோபர் 17 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் மூடி, 2022 டிசெம்பரில் மீண்டும் சென்னை விமானம் வந்தது. 2024 செப்ரெம்பரிலிருந்து இண்டிகோவும் வருகிறது. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலான பயணம். இப்படிக் குறுந்தூர விமானம் ஓட்டுபவர்கள் ஒரே கடமையில் பல தடவை ஏறி இறங்குவார்கள். களைப்பு கூடுவது ஏற்றத்திலும் இறக்கத்திலும்தான். மருத்துவத்துக்குப் போகிற எங்கள் தாய்மாரும், படிக்கப் போகிற பிள்ளைகளும் அந்த விமானத்தில்தான் இருக்கிறார்கள். எனவே இது எங்கோ நடக்கிற கதை இல்லை.

2025 டிசெம்பரில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? இந்தியா விமானிகளின் ஓய்வு விதிகளைத் திருத்தியிருந்தது. கிழமை ஓய்வு 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆனது. இரவுக் கடமையில் அனுமதிக்கப்பட்ட தரையிறக்கங்கள் 6 இலிருந்து 2 ஆகின. கடைசிப் பகுதி நவம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்தது. விதி வரப்போவது நீண்டநாளாகத் தெரிந்தும் இண்டிகோ போதிய விமானிகளை வைத்திருக்கவில்லை. டிசெம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அதன் விமானங்கள் ரத்தாகின. அன்றைக்கே இந்திய ஒழுங்குபடுத்தும் அமைப்பு பின்வாங்கி, இரவுக் கடமை விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பெப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது. அப்போது எங்கள் ஆட்கள் சொன்னது: “பைலட்மாருக்கு ஓய்வு கூடிப்போச்சு, சனம் ரோட்டில நிக்குது.” இல்லை. விமானிகளுக்கு ஓய்வு அளவுக்கு மேல் கூடவில்லை, நிறுவனத்துக்கு ஆள் குறைந்தது. ஆள் எடுக்கத் தவறியவருக்குச் சலுகை கிடைத்தது, அதன் விலையாக விமானியின் நித்திரை கொடுக்கப்பட்டது. அதே நித்திரைக் குறைவால் நாளை ஒரு விமானம் தடுமாறினால் ‘விமானி பிழை’ என்று எழுத எல்லாரும் தயாராக இருப்பார்கள்.

ஓய்வு கூடினால் ரிக்கெற் விலை ஏறும் என்று சிலர் சொல்வார்கள். ஏறலாம். நான் கொடுக்கத் தயார். ஒரு விமானியின் நித்திரையைக் களவெடுத்து மலிவாக்கிய ரிக்கெற்றில் என் பிள்ளையை ஏற்ற எனக்கு மனமில்லை. “பெரிய சம்பளம் வாங்குகிறார்கள், பொறுப்பும் அவர்களுடையதுதானே” என்பதற்கும் விடை உண்டு. சம்பளத்தால் நித்திரையை வாங்க முடியாது, குறைந்த இரத்தச் சீனியைக் கூட்ட முடியாது. பொறுப்பு அவர்களுடையதுதான். பொறுப்பைக் கொடுத்தவர், மறுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஆகவே கேட்கிறேன். இந்தியாவும் இலங்கையும் விமானிகளின் ஓய்வு விதியை ஒரு நிறுவனத்தின் வசதிக்காகத் தளர்த்தக்கூடாது. உடல்நிலையால் பறக்கும் தகுதி இழக்கும் ஒவ்வொரு விமானிக்கும் வருமானக் காப்புறுதி கட்டாயமாக வேண்டும். வருத்தத்தையும் களைப்பையும் தவறையும் தாங்களாகவே சொல்ல, முதலாளியின் கைக்கு எட்டாத ஒரு சுயாதீனத் தபால்பெட்டி வேண்டும். ஆபத்து என்று கண்டால் துணை விமானி கேள்வியில்லாமல் விமானத்தை மேலே எடுக்கலாம், அதற்காக அவர்மேல் ஒரு வரிகூட எழுதப்படாது என்று சட்டம் சொல்ல வேண்டும். குடித்தவருக்கும் தெரிந்தே விதியை உடைத்தவருக்கும் கடும் தண்டனை இருக்கட்டும். வருத்தக்காரரையும் களைத்தவரையும் அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். எங்கள் பத்திரிகை ஆசிரியர்களிடம் ஒன்று கேட்பேன். முழு அறிக்கை வரும்வரை ‘விமானி பிழை’ என்ற தலைப்பை மேசையில் வைத்திருங்கள். வந்த பிறகும் இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

உங்களிடமும் ஒன்று. என்றோ ஒருநாள் சென்னையிலோ பலாலியிலோ நீங்கள் காத்திருக்கும்போது, விமானிகளின் கடமை நேரம் முடிந்ததால் விமானம் பிந்துகிறது என்று அறிவிப்பார்கள். அல்லது மழைக்குள் இறங்காமல் விமானம் வேறு ஊருக்குத் திரும்பிவிட்டது என்பார்கள். அப்போது கவுண்டரில் நிற்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள். உள்ளே யாரோ ஒருவர் ‘ஏலாது’ என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லால்தான் நீங்கள் வீடு போய்ச் சேரப்போகிறீர்கள். பொறுத்திருங்கள்.